தூக்குமேடை வரை கடவுளைக் கூப்பிடாத பகத் சிங்... அவரை மாற்றிய புத்தகங்கள் எவை?

பகத் சிங் என்றதும் தொப்பி, முறுக்கு மீசை, தூக்குக் கயிறு... இதெல்லாம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனா, அவர் கையில் துப்பாக்கியைவிட அதிக நேரம் இருந்தது புத்தகம்தான். அவரை நாத்திகராக்கியதும் அந்த வாசிப்புதான். அது எப்படி நடந்தது? சுருக்கமாகப் பார்ப்போம்.

மந்திரம் சொன்ன மாணவர்

1907 செப்டம்பரில், இன்றைய பாகிஸ்தானில் உள்ள பங்கா கிராமத்தில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார் பகத் சிங். தாத்தா அர்ஜன் சிங் ஆரிய சமாஜத்தில் தீவிர ஈடுபாடு கொண்டவர். லாகூர் டி.ஏ.வி. பள்ளியில் படித்தபோது காலையும் மாலையும் பிரார்த்தனை, மணிக்கணக்கில் காயத்ரி மந்திரம் என்றுதான் பகத் சிங்கின் நாட்கள் போயின.

புரட்சி இயக்கத்தில் சேர்ந்த பிறகும் இது உடனே மாறவில்லை. அங்கிருந்த மூத்த தலைவர் சச்சீந்திரநாத் சன்யால் உட்பட பலர் ஆழ்ந்த பக்தர்கள்.

எந்தெந்தப் புத்தகங்கள்?

1925 காகோரி ரயில் கொள்ளைக்குப் பிறகு தலைவர்கள் பலர் கைதாக, இயக்கத்தின் பொறுப்பு இளைஞர்கள் தோளில் விழுந்தது. எதிராளியின் கேள்விக்குப் பதில் சொல்லணும்னா படிக்கணும் என்று முடிவெடுத்தார் பகத் சிங். லாகூர் துவாரகாதாஸ் நூலகம் அவருக்கு இரண்டாவது வீடானது.

ரஷ்யச் சிந்தனையாளர் பக்குனின் எழுதிய 'கடவுளும் அரசும்', மார்க்ஸின் சில எழுத்துகள், லெனின், டிராட்ஸ்கி எனப் படித்துத் தள்ளினார். இதில் ஒரு சுவாரஸ்யம்... நிரலம்ப சுவாமி என்ற துறவியின் பெயரோடு வந்த 'காமன் சென்ஸ்' நூலும் அவரை நாத்திகத்தை நோக்கி நகர்த்தியது! 1926 இறுதிக்குள், உலகைப் படைத்துக் காக்கும் ஒரு சக்தி இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

முதல் சோதனை

1927 மே மாதம் லாகூரில் கைதானார். தூக்கு உறுதி என்று மிரட்டிய போலீஸ் அதிகாரிகள், தினமும் இரண்டு வேளை பிரார்த்தனை செய்யவும் வற்புறுத்தினார்கள். நல்லா இருக்கும்போது மட்டும் நாத்திகம் பேசுகிறோமா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தார். கடைசியில், பிரார்த்தனை செய்யவில்லை.

அகம்பாவம் காரணமா?

1929 ஏப்ரல் 8-ல் டெல்லி மத்திய சட்டசபையில் குண்டு வீசிய பிறகு நாடே அவரைப் பேசியது. புகழ் தலைக்கேறியதால்தான் கடவுளை மறுக்கிறார் என்று சிறையில் இருந்தவர்களே விமர்சித்தனர்.

இதற்குப் பதிலாக 1930 அக்டோபர் தொடக்கத்தில், லாகூர் மத்தியச் சிறையில் அவர் எழுதியதுதான் 'நான் ஏன் நாத்திகன்?' கட்டுரை. அகம்பாவம் என்ற குற்றச்சாட்டை, எப்போது என்ன படித்தேன் என்ற கணக்கைச் சொல்லியே மறுத்தார். யாருக்கும் பெயர் தெரியாத காலத்திலேயே நம்பிக்கை போய்விட்டது என்பதுதான் அவர் வாதம். நம்பிக்கை உள்ளவருக்கு மரணத்தின் முன்னே சொர்க்கமோ மறுபிறவியோ ஆறுதலாக இருக்கும், தனக்கு அதுவும் கிடையாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அக்டோபர் 7-ல் தூக்குத் தண்டனை தீர்ப்பு வந்தது.

1931 மார்ச் 23 மாலை ராஜகுரு, சுகதேவுடன் தூக்கிலிடப்பட்டார். அழைத்துப் போக ஆட்கள் வந்தபோது லெனினைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார் என்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 23.

தமிழுக்கு வந்தது எப்படி?

அந்தக் கட்டுரை 1931 செப்டம்பரில், லாலா லஜபதி ராய் தொடங்கிய 'தி பீப்பிள்' இதழில் வெளியானது. பெரியார் கேட்டுக்கொண்டதால் ப.ஜீவானந்தம் அதைத் தமிழாக்கினார். விடுமா பிரிட்டிஷ் அரசு? ஜீவாவையும், பதிப்பித்த ஈ.வெ.கிருஷ்ணசாமியையும் கைது செய்தது. எழுதியவர் இறந்த பிறகும் அந்தச் சிறு நூலைப் பார்த்து அரசு பயந்தது.