உதடு கிழிந்தபின் முதல் சுரத்துக்குத் திரும்பியவர்: ரஃபாயேல் மெண்டஸ்

கிளிநொச்சியில் ஒரு பாடசாலைக்கு வேறொரு செய்திக்காகப் போயிருந்தேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. மைதானத்து ஓரம் வேப்பமரத்தின் கீழ் பாண்ட் குழுவுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எட்டுப் பிள்ளைகள், மூன்று ட்ரம்பெட்டுகள். மூன்று பேர் ஊத, மற்ற ஐந்து பேரும் வாயால் து கு து கு என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லி முடித்தவர்கள் ஊதியவர்களிடமிருந்து கருவியை வாங்கிக்கொண்டார்கள். இப்படியே முறை மாறியது.

பழக்கிக்கொண்டிருந்த மாஸ்டரின் மேலுதட்டில் குறுக்காக ஒரு தழும்பு இருக்கிறது. 2009இல் ஷெல் துண்டு வெட்டியது. அதற்குப் பிறகு பல வருடங்கள் ட்ரம்பெட்டைத் தொடவில்லை என்றார். திரும்பத் தொட வைத்தது எது என்று கேட்டேன். கைபேசியை எடுத்து ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். நான்கு நிமிடத்துக்கு மேல் ஒரு ட்ரம்பெட் எங்கும் நிற்காமல், மூச்சுக்கும் இடம் விடாமல், மணி மணியாகச் சுரங்களை உதிர்த்துக்கொண்டே போனது. ஊதியவர் ரஃபாயேல் மெண்டஸ். அந்தப் பெயரை நான் அன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டேன். இத்தனைக்கும் நானும் பாடசாலை பாண்டில் ட்ரம்பெட் ஊதியவள்.

மெண்டஸ் 1906 மார்ச் 26ஆம் திகதி மெக்சிக்கோவின் மிச்சோவக்கான் மாநிலத்தில், ஹிகில்பான் என்ற சிற்றூரில் பிறந்தார். வாத்தியக் குடும்பம். தந்தை மக்சிமினோ தன் பிள்ளைகளையும் உறவினரையும் சேர்த்து ஒரு குழு வைத்திருந்தார். ஊர்த் திருவிழாக்களிலும் கொண்டாட்டங்களிலும் வாசிப்பார்கள். ட்ரம்பெட்டின் நெருங்கிய உறவான கொர்னெட்டைச் சிறுவன் ரஃபாயேல் தந்தையிடமே கற்றான்.

அது மெக்சிக்கோவில் புரட்சிப் போர் நடந்த காலம். 1910இல் தொடங்கிய சண்டை பத்து வருடங்கள் நீண்டது. 1916இல், ரஃபாயேலுக்குப் பத்து வயதானபோது, பாஞ்சோ வில்லாவின் படை அந்தப் பக்கம் வந்தது. குடும்பக் குழுவின் வாசிப்பு வில்லாவுக்குப் பிடித்துப்போனது. குழுவைத் தன் படையோடு சேர்த்துக்கொண்டார். சிறுவனின் கொர்னெட் அவருக்கு மிகவும் பிடித்திருந்ததால் அவனைப் பல மாதங்கள் முகாமிலேயே வைத்துக்கொண்டார். மெண்டஸின் வாழ்க்கைக் குறிப்புகளில் இது பெரும்பாலும் ஒரு சுவாரசியமான கதையாகவே வருகிறது. பிள்ளை கெட்டிக்காரன், தளபதிக்கே பிடித்துவிட்டது என்ற தொனி. வன்னியில் வளர்ந்த எனக்கு அதை அப்படி வாசிக்க முடியவில்லை. பத்து வயதுப் பிள்ளை எப்போது திரும்பி வருவான் என்று தெரியாமல் இருந்த ஒரு தாய் அந்தக் கதைக்குள் எங்கோ இருக்கிறாள்.

1926இல், 20 வயதில், அவர் வேலை தேடி ஐக்கிய அமெரிக்காவுக்குப் போனார். முதலில் இந்தியானா மாநிலத்தின் கேரி நகரில் உருக்கு ஆலை வேலை. பிறகு மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் பியூக் கார்த் தொழிற்சாலை. அந்தக் காலத்துப் பெரிய தொழிற்சாலைகள் பலவற்றுக்குச் சொந்த பாண்ட் இருந்தது. பியூக் பாண்டில் மெண்டஸ் ஊதத் தொடங்கினார். அங்கிருந்து டெட்ரொயிட் நகரத்து அரங்குகளுக்குப் போனார்.

1930களின் தொடக்கத்தில் ஒருநாள், நிகழ்ச்சிக்கு முன் அரங்கின் உள்ளே கதவொன்றின் அருகில் நின்று கருவியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். யாரோ கதவை வேகமாகத் தள்ளித் திறந்தார்கள். கதவு ட்ரம்பெட்டில் அடிக்க, ட்ரம்பெட்டின் வாய்முனை அவருடைய வாயில் இடித்தது. உதடு காயப்பட்டது.

இந்தக் காயத்தின் பாரத்தை விளங்கிக்கொள்ள ட்ரம்பெட் எப்படி ஒலிக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது. ட்ரம்பெட்டில் சீவாளி இல்லை. ஊதுபவரின் உதடுகளே அதிர்ந்து ஒலியை உண்டாக்குகின்றன. உதடு போனால் சீவாளி போனமாதிரி. ஆனால் சீவாளியை மாற்றலாம், உதட்டை மாற்ற முடியாது.

அந்த ஒலியைத் துண்டு துண்டாக, தெளிவான சுரங்களாகப் பிரிப்பது நாக்கின் வேலை. வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பலகையை இறக்கி ஏற்றி மறிப்பதைப் போன்றது அது. நாக்கின் நுனி மேற்பல்லின் பின்புறம், ஈறு தொடங்கும் இடத்தைத் தொட்டு விலகும். து என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு போகும் இடம் அதுதான். காற்றைத் தள்ளுவது வயிறும் நெஞ்சும். நாக்கு வழியை மறித்து விடுகிறது, அவ்வளவுதான். தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை நாக்கால் அடித்து ஒலியை எழுப்பப் பார்ப்பது. அப்போது காற்று ஒவ்வொரு சுரத்துக்கும் நின்று நின்று வரும், ஒலி முறியும்.

மெதுவான பாட்டுக்கு து து து போதும். வேகம் கூடும்போது நாக்கு நுனி தனியாக ஈடுகொடுக்காது. அப்போது நாக்கின் பின்புறத்தையும் வேலைக்கு அழைக்கிறார்கள். நுனி து என்று தொட்டு விலகும் நேரத்தில் பின்நாக்கு கு என்று அண்ணத்தைத் தொடும். இரண்டும் மாறி மாறி வந்தால் து கு து கு. இதுதான் இரட்டை நாக்கு முறை. மூன்று மூன்றாகச் சுரங்கள் வந்தால் து து கு. பாரிஸ் நகரத்து ஆசிரியர் ஜோன் பப்டிஸ்ட் ஆர்பான் 1864இல் வெளியிட்ட கொர்னெட் பயிற்சி நூல் இந்த அசைகளுக்குப் பக்கம் பக்கமாகப் பயிற்சி தருகிறது. ட்ரம்பெட் படிப்பவர்கள் இன்றும் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள். நமக்கு இது அந்நியமான சங்கதியும் அல்ல. நாதஸ்வரக்காரர் துத்துகாரம் என்று சொல்வதும் நாக்கால் சுரத்தை வெட்டும் இதே வித்தைதான்.

இதில் எப்போதும் பலவீனமானது கு. து கூர்மையாக விழும், கு மங்கலாக விழும். கேட்பவருக்கு நொண்டி நடப்பதுபோல் இருக்கும். தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் வாயில் சொல்லின் நடுவே வரும் ககரம் தானாகவே மென்மையாகிவிடும். அதனால் துகு என்று ஒரே சொல்லாகச் சொன்னால் கு கரைந்துபோகும். குடம் என்பதில் வரும் கு போல ஒவ்வொரு முறையும் அழுத்தமாக வரவேண்டும்.

பாடசாலை நாட்களில் எனக்கு நடந்தது இதுதான். வேகமான இடம் வந்தால் என் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்துவிடும். எனக்குத் தடித்த நாக்கு, இது எனக்கு வராது என்று நானே முடிவு செய்துகொண்டேன். 2008இல் இடம்பெயர்ந்தபோது ட்ரம்பெட் பாடசாலை அலுமாரியில் கிடந்தது. அதற்குப் பிறகு அதை நினைக்க நேரம் இருக்கவில்லை.

மெண்டஸ் காயத்தோடு மெக்சிக்கோவுக்கு, தந்தையிடம் திரும்பினார். அமெரிக்க அரங்குகளில் சம்பளத்துக்கு ஊதிய ஒருவர், சிறுவனாக முதல் சுரம் கற்ற அதே ஆளின் முன்னால் மீண்டும் மாணவனாக உட்கார்ந்தார். உதட்டை வைக்கும் விதத்தை அடியிலிருந்து கட்டினார். தொழில்காரர் ஒருவருக்கு இதைவிடக் கடினமான காரியம் இல்லை. பழைய வேகம் மனதில் அப்படியே இருக்கும், வாய் அதற்குக் கீழ்ப்படியாது. ஊதத் தெரிந்தவன் ஊதத் தெரியாதவனைப்போல ஒற்றைச் சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகு அவர் அமெரிக்காவுக்குத் திரும்பினார். ரஸ் மோர்கன், ரூடி வலே போன்றவர்களின் நடனக் குழுக்களில் ஊதினார். ஹொலிவூட் போனார். 1940 அளவில் எம்.ஜி.எம். திரைப்பட நிறுவனத்தின் வாத்தியக் குழுவில் முதன்மை ட்ரம்பெட் கலைஞராக இருந்தார். டெக்கா நிறுவனத்துக்காகத் தனி இசைத்தட்டுகள் பதிவு செய்தார். மாஸ்டர் எனக்குப் போட்டுக் காட்டியது அந்த வரிசையில் வந்ததுதான். பகனீனி வயலினுக்கு எழுதிய மோட்டோ பெர்பெத்துவோ, அதாவது ஓயாத ஓட்டம். வயலின் வில்லுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை, ட்ரம்பெட்டுக்குத் தேவை. மெண்டஸ் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை உள்ளிழுத்தார். நம் மேளச்சமாவில் ஒத்து ஊதுபவர் சுருதி அறாமல் பிடிப்பதும் இப்படித்தான். ஒத்தில் ஒரே சுரம். மெண்டஸ் அதைச் செய்துகொண்டே து கு து கு என்று நான்கு நிமிடத்துக்கு மேல் நாக்கை ஓட்டினார். எது து, எது கு என்று கேட்டுப் பிரிக்கவே முடியாது. கதவு இடித்துக் காயப்பட்ட வாயிலிருந்து அது வருகிறது.

பெயர் வந்தபின்பும் அவர் பாடசாலைகளையும் கல்லூரிகளையும் தேடிப்போய் மாணவர் பாண்டுகளோடு சேர்ந்து வாசித்தார். 1961இல் பித்தளை வாத்தியம் கற்பவர்களுக்காக ஒரு நூல் வெளியிட்டார். தன் இரட்டைப் பிள்ளைகளுக்கும் ட்ரம்பெட் கற்றுக்கொடுத்து அவர்களோடு மேடையேறினார். இருவரும் பின்னாளில் மருத்துவர்களானார்கள். கடைசிக் காலம் அவருக்கு இலகுவாக இருக்கவில்லை. ஆஸ்துமா, நாங்கள் தொய்வு என்போமே, அது மூச்சைப் பிடித்தது. மெக்சிக்கோவில் ஒரு பேஸ்போல் ஆட்டத்தின்போது கை தவறி வந்த மட்டை முகத்தில் பட்டு வாய் மறுபடியும் காயப்பட்டது. அதற்குப் பிறகும் ஊதினார். 1975இல் மேடையை விட்டார். 1981 செப்டெம்பர் 15ஆம் திகதி கலிஃபோர்னியாவில், தன் வீட்டில் காலமானார்.

இவ்வளவையும் வாசித்தபின் மாஸ்டரிடம் மறுபடி போனேன். காயப்பட்டாலும் எழும்பலாம் என்று நமக்குப் பாடம் சொல்ல மெண்டஸை இழுக்க எனக்கு மனமில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லியே நம் சனத்தின் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிட்டார்கள். மெண்டஸுக்குத் திரும்பிப்போக ஒரு வீடு இருந்தது. அங்கே தந்தை இருந்தார், அவர் ஆசிரியராகவும் இருந்தார். ஆறும்வரை காத்திருக்க நாட்கள் இருந்தன. மாஸ்டருக்கு உதடு கிழிந்தபோது தையல் போடவே ஆள் இருக்கவில்லை. பிறகு முள்வேலி முகாம். அவருடைய தகப்பனார் எங்கே என்று இன்றுவரை தெரியாது. எழும்ப முடியாமல் போனவர்கள் மனவுறுதி இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லக்கூடாது. திரும்பிப்போக இடம் இல்லாதவர்கள் அவர்கள்.

மாஸ்டர் இதை மறுக்கவில்லை. மெண்டஸிடமிருந்து தான் எடுத்துக்கொண்டது வேறொன்று என்றார். வேகமாக ஊதியவர் மெதுவாகத் தொடங்க வெட்கப்படவில்லை, அது ஒன்றுதான். மாஸ்டர் வாய்முனையைத் தழும்பிலிருந்து சற்றே இடப்பக்கம் தள்ளி வைத்து ஊதுகிறார். தாளமானியை நிமிடத்துக்கு 60இல் வைத்து, ஓர் அடிக்கு ஒரே ஒரு சுரத்தோடு தொடங்கினாராம். அது சுத்தமாக விழுந்தபின் இரண்டு, பிறகு நான்கு. இரட்டை நாக்குக்கு வந்தபோது பல வாரங்கள் து என்பதையே விட்டுவிட்டு, கு கு கு என்று மட்டும் ஊதினார். பலவீனமானதைத் தனியாக நிறுத்திப் பலப்படுத்தாவிட்டால் அது எப்போதும் பலமானதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்பது அவருடைய கணக்கு. பிள்ளைகளுக்கும் அதையேதான் செய்கிறார். ஒரு நாளில் பத்து நிமிடத்துக்கு மேல் இந்தப் பயிற்சி இல்லை. உதடு களைத்தால் கருவியை வைத்துவிட வேண்டும், வாயால் சொல்வது தொடரலாம்.

கருவி போதாததால்தான் அந்த ஐந்து பேரும் வாயால் சொல்கிறார்கள் என்று நான் முதலில் நினைத்திருந்தேன். அது உண்மைதான். ஆனால் நாக்கைப் பழக்கக் கருவி தேவையில்லை என்பதும் உண்மை. அலுமாரியில் ட்ரம்பெட்டை விட்டுவிட்டு வந்த என்னோடும் நாக்கு வந்திருந்தது. பதினைந்து வருடங்களுக்கு மேலாக அதைத் தடித்த நாக்கு என்று பழி சொல்லிக்கொண்டு நான்தான் சும்மா இருந்தேன்.

வீடு திரும்பும்போது ஏ9 வீதியில் பஸ் நெரிசலாக இருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. யாருக்கும் கேட்காமல் கு கு கு என்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது கு கரைந்துபோனது. வேகத்தைக் குறைத்துத் திரும்பவும் தொடங்கினேன்.