குறி தவறாத தோட்டாவைத் தேடியவர்

பெரியம்மாவின் இடது தொடைக்குள் ஒரு செல் துண்டு இருக்கிறது. 2009 இல் மாத்தளன் பக்கம் பட்டது. நரம்புக்கு மிக அருகில் இருப்பதால் எடுக்கவேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். காயம் எப்போதோ ஆறிவிட்டது. நோ ஆறவில்லை. இரவில் கால் எரியும். கிளினிக்கில் தரும் குளிசையைப் போட்டால் எரிவு கொஞ்சம் அடங்கும், ஆனால் மறுநாள் முழுக்கத் தலை சுற்றும். நோகிற நரம்பை மட்டும் பார்த்து அடிக்கிற மருந்து ஒன்று இல்லையா, ஏன் முழு ஆளையும் சேர்த்து மயக்குகிறார்கள் என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

நான் படித்தது ஊடகக் கற்கை. விஞ்ஞானம் எனக்குச் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடியபோது, ஏறத்தாழ அதே கேள்வியோடு வாழ்ந்து 1915 இல் இறந்துபோன ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் பெயர் பவுல் ஏர்லிக். அவருடைய வாழ்க்கையை வாசித்து முடித்தபோது வியப்பும் கோபமும் ஒன்றாகவே இருந்தன. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

சாயத்தின் பின்னால்

ஏர்லிக் 1854 மார்ச் 14 அன்று பிரஷ்யாவின் சிலேசியா மாகாணத்தில், ஸ்ட்ரேலன் என்ற சிறு நகரத்தில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அவர் வளர்ந்த காலத்தில் ஜேர்மனியின் தொழிற்சாலைகள் புதிய செயற்கைச் சாயங்களைத் துணிகளுக்காகத் தயாரித்துக்கொண்டிருந்தன. தாய்வழி உறவினரான கார்ல் வைகெர்ட் என்ற நோயியலாளர், அந்தச் சாயங்களை உடல் இழையங்களில் ஊற்றி நுணுக்குக்காட்டியில் பார்ப்பதை இளைஞரான ஏர்லிக்குக்குக் காட்டிக்கொடுத்தார். அதன்பின் அவர் சாயத்தை விடவில்லை. 1878 இல் லைப்சிக்கில் அவர் முடித்த கலாநிதி ஆய்வும் சாயமிடுதல் பற்றியதே.

அவரை அரித்த கேள்வி எளிமையானது. ஒரே சாயத்தை ஊற்றினால் ஒரு கலம் அதைப் பிடித்துக்கொள்கிறது, பக்கத்துக் கலம் விட்டுவிடுகிறது. ஏன்? பேர்லினின் ஷரிட்டே வைத்தியசாலையில் வேலை செய்தபோது, இந்த வேறுபாட்டை வைத்தே வெண்குருதிக் கலங்களை வகை பிரித்தார். டெங்குக் காலத்தில் நாங்கள் கையில் வைத்துக்கொண்டு திரியும் இரத்தப் பரிசோதனைத் துண்டில் நியூட்ரோபில், ஈசினோபில் என்று இருக்குமே, அந்தப் பிரிப்பு அவரிடமிருந்து வந்தது.

1882 இல் ரொபேர்ட் கொக் காசநோய்க் கிருமியை அறிவித்தார். அதைத் தெளிவாகக் காட்டும் சாயமிடும் முறையை ஏர்லிக் உடனேயே மேம்படுத்தினார். சில வருடங்களின் பின் அந்தக் கிருமி அவருடைய சளியிலேயே தெரிந்தது. 1888 இல் வேலையை விட்டு, உடம்பைத் தேற்ற மனைவி ஹெட்விக்குடன் எகிப்துக்குப் போனார்.

அதற்கு முன்பே நரம்புகள் அவரை ஈர்த்திருந்தன. 1880களின் நடுவில், விலங்குகளின் இரத்தத்தில் சில சாயங்களைச் செலுத்தியபோது உடலின் மற்ற உறுப்புகள் நிறமேற, மூளை மட்டும் வெளிறியே இருந்ததைக் கவனித்தார். குருதிக்கும் மூளைக்கும் இடையில் ஒரு தடை இருக்கிறது என்பதற்கான முதல் அடையாளங்களில் அது ஒன்று. அவர் அதற்குச் சொன்ன காரணம் பிழை, கண்டது சரி. மெதிலீன் நீலம் என்ற சாயம் உயிருள்ள நரம்பு நார்களைத் தேடிப்போய்ப் பிடிப்பதையும் அவர் காட்டினார். சாயம் ஒன்று தன் இடத்தைத் தேடிப் போகுமென்றால், மருந்தும் அப்படிப் போகாதா?

குண்டுமணி நஞ்சு

எகிப்திலிருந்து திரும்பியவர் 1891 இல் செய்த பரிசோதனை எங்களுடைய வேலியோரத்துச் செடிகளோடு தொடர்புடையது. ஆமணக்கு விதையில் ரைசின் என்ற நஞ்சும், பொற்கொல்லர்கள் பொன் நிறுத்த குண்டுமணியில் ஏப்ரின் என்ற நஞ்சும் இருக்கின்றன. ஏர்லிக் சுண்டெலிகளுக்கு இந்த நஞ்சை முதலில் மிகச் சிறிதாகவும், நாள் போகப் போகக் கூட்டியும் கொடுத்தார். சில வாரங்களில் அவை, சாதாரண எலியைக் கொல்லும் அளவைப்போலப் பல மடங்கைத் தாங்கின.

இன்னொன்றும் தெரிந்தது. ஆமணக்கு நஞ்சைத் தாங்கப் பழகிய எலி குண்டுமணி நஞ்சில் செத்தது. குண்டுமணிக்குப் பழகியது ஆமணக்கில் செத்தது. உடல் பொதுவாக வலுப்பெறவில்லை. ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனியாக, அதை மட்டுமே பிடிக்கும் பொருள் ஒன்றை இரத்தத்தில் உண்டாக்கியிருக்கிறது. பிறபொருளெதிரி என்று நாங்கள் பாடசாலையில் படித்தது அதைத்தான். அதற்கான ஜேர்மன் சொல்லும் அவருடைய அந்த ஆண்டுக் கட்டுரையில் இருக்கிறது.

பிறகு எமில் வொன் பெஹ்ரிங்கின் தொண்டைக்கரப்பான் எதிர்ச் சீரத்துக்குச் சரியான அளவுமுறையை வகுத்துக் கொடுத்தார். அந்த அளவுமுறை இல்லாவிட்டால் ஒரு போத்தல் பிள்ளையைக் காப்பாற்றும், அடுத்த போத்தல் கைவிடும். கலங்களின் மேற்பரப்பில் கொளுக்கிகள் போன்ற வாங்கிகள் இருக்கின்றன, பூட்டும் திறப்பும் போலப் பொருந்துவதை மட்டுமே அவை பிடிக்கும் என்ற கோட்பாட்டையும் முன்வைத்தார். அதன் பல விபரங்கள் பின்னர் பிழைத்தன. அடிப்படை நின்றது. 1908 இல் எலி மெச்னிகோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பிராங்க்பேர்ட்டில் அவருடைய அறை புத்தகங்களாலும் தாள்களாலும் நிறைந்து, வந்தவர் இருக்க இடமில்லாமல் கிடந்தது. வாயில் எப்போதும் சுருட்டு. உதவியாளர்களுக்கான வேலைக் கட்டளைகளை நிறப் பென்சில்களால் சிறு துண்டுகளில் எழுதி அனுப்புவார்.

தவறிய சூடுகளை எண்ணியவர்

ஜேர்மன் நாட்டார் கதையொன்றில் வேடன் ஒருவன் சாத்தானிடம் ஏழு மாயத் தோட்டாக்கள் வாங்குகிறான். ஆறு அவன் நினைத்த இடத்தில் படும். ஏழாவது சாத்தான் நினைத்த இடத்தில் படும். நோயை மட்டும் அடித்து நோயாளியை விட்டுவிடும் மருந்துக்கு ஏர்லிக் வைத்த பெயர் மாயத் தோட்டா.

1909 இல் அவருடைய ஆய்வுகூடத்தில் ஜப்பானியரான சஹச்சிரோ ஹத்தா, 606 என்ற இலக்கமிட்ட ஆசனிக்குச் சேர்வை சிபிலிஸ் கிருமியைக் கொல்வதைக் கண்டார். சல்வர்சான் என்ற பெயரில் அது 1910 இல் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் சுமார் 65,000 மாதிரிகள் வைத்தியர்களுக்கு இலவசமாக அனுப்பப்பட்டன. பலர் குணமடைந்தார்கள். சிலர் இறந்தார்கள். மருந்து குறி தவறிய இடங்களை ஏர்லிக் மறைக்கவில்லை. வைத்தியர்களிடமிருந்து வந்த பாதிப்பு அறிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அளவு பிழைத்ததா, கரைத்த நீர் பிழைத்ததா என்று ஆராய்ந்தார். அவரைத் தாக்கிப் பத்திரிகைகள் எழுதின, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 1914 இன் நடுப்பகுதியில் அவர் களைத்துப்போயிருந்தார்.

பிறகு போர் வந்தது. 1914 ஓகஸ்டில் ஜேர்மன் இராணுவம் பெல்ஜியத்தில் நுழைந்தது. லூவென் நகரில் சுமார் 250 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். பல்கலைக்கழக நூலகம் எரிக்கப்பட்டு இலட்சக்கணக்கான நூல்கள் சாம்பலாகின. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்கு இந்த வரியைக் கடந்துபோவது இலகுவல்ல.

ஒக்ரோபர் 4 அன்று ஜேர்மனியின் 93 அறிஞர்களும் கலைஞர்களும் கையொப்பமிட்ட அறிக்கையொன்று உலகுக்கு வெளியிடப்பட்டது. தங்கள் இராணுவம் தற்காப்புக்காக அன்றிப் பொதுமக்கள் எவரையும் தொடவில்லை என்றும், லூவெனில் வெறித்தனம் எதுவும் நடக்கவில்லை என்றும் அது மறுத்தது. கையொப்பமிட்டவர்களில் பவுல் ஏர்லிக்கும் ஒருவர். பலர் முழு வாசகத்தையும் படிக்காமலே பெயர் கொடுத்ததாகப் பின்னர் தெரியவந்தது. சிலர் பின்வாங்கினார்கள். ஏர்லிக்குக்கு அதற்குக் காலம் இருக்கவில்லை. 1915 ஓகஸ்ட் 20 அன்று பாட் ஹொம்பேர்க்கில் இறந்தார்.

என் கோபம் இதில்தான். தன் மருந்து தவறிய ஒவ்வொரு இடத்தையும் தேடி எண்ணியவர், தன் நாட்டின் துவக்குகள் சுட்டவர்களை எண்ணிப் பார்க்காமல் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். வன்னியிலும் பொதுமக்கள் இழப்பு பூச்சியம் என்று உலகத்துக்குச் சொன்னார்கள். அதை ஆமோதிக்கப் படித்தவர்கள் கிடைத்தார்கள். படிப்பு ஒருவரை இதிலிருந்து காப்பாற்றாது என்பதை ஏர்லிக்கை வாசித்தபோது மறுபடி கண்டேன்.

அவர் யாருக்காகக் கையொப்பமிட்டாரோ அந்த நாடு அவரையும் விடவில்லை. நாஸிகள் பிராங்க்பேர்ட்டில் அவர் பெயரிலிருந்த வீதியின் பெயரை மாற்றினார்கள். யூதர் என்பது மட்டுமே காரணம். ஹெட்விக் முதலில் சுவிற்சர்லாந்துக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் தப்பிப்போனார். போருக்குப் பிறகு வீதிக்குப் பெயர் திரும்பியது, 200 மார்க் தாளில் அவர் முகமும் வந்தது.

விலாசம் தெரிந்த நஞ்சு

பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஆமணக்கு நஞ்சில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கலத்தின் கதவைத் திறக்கும், மற்றது உள்ளே போய்ப் புரதத் தயாரிப்பை நிறுத்திக் கலத்தைக் கொல்லும். ஐரோப்பாவில் துணி துவைக்கப் பயன்பட்ட ஒரு செடியிலிருந்து எடுக்கும் சபோரின் என்ற நஞ்சில் கொல்லும் பகுதி மட்டுமே இருக்கிறது, திறப்பு இல்லை. அதனால் தனியாக அது கலத்துக்குள் இலகுவில் நுழையாது. ஒரு குறித்த நரம்புக்கலத்தின் வாங்கியை மட்டுமே பிடிக்கும் பிறபொருளெதிரியோடு அதை இணைத்தால், நஞ்சுக்கு விலாசம் கிடைத்துவிடுகிறது.

1990களின் தொடக்கத்திலிருந்து ஆய்வாளர்கள் இந்த முறையில் எலிகளின் மூளையில் ஒரேயொரு வகை நரம்புக்கலத்தை அகற்றி, நினைவு எப்படிக் குலைகிறது என்று படிக்கிறார்கள். மறதி நோயில் முதலில் அழியும் கலங்களில் அவையும் அடங்கும். ஏர்லிக் கண்ட அந்தத் தடை காரணமாக, மருந்தை நேரே மூளைப் பகுதிக்குள் செலுத்தவேண்டும்.

1997 இல், நோவைக் கடத்துவதில் பங்குள்ள ஒரு சிறு புரதத் துண்டோடு சபோரினை இணைத்து எலிகளின் முண்ணாணைச் சுற்றியுள்ள திரவத்தில் செலுத்தினார்கள். அந்தப் புரதத் துண்டுக்கான வாங்கியைக் கொண்ட நரம்புக்கலங்கள் மட்டும் அழிந்தன. மிகைப்பட்ட நோ உணர்வு குறைந்தது. சாதாரணமாகச் சுடுவதையும் குத்துவதையும் உணரும் தன்மை பெரும்பாலும் அப்படியே இருந்தது. பின்னர் எலும்புப் புற்றுநோய் வந்த நாய்களிலும், ஆரம்பக்கட்டமாகப் புற்றுநோயாளர் சிலரிலும் பரிசோதித்தார்கள். எங்கள் கிளினிக்கில் கேட்டு வாங்கக்கூடிய மருந்தல்ல இது. செத்த நரம்புக்கலம் திரும்பி வராது என்பதால் அவசரப்படவும் முடியாது.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். கதையைக் கேட்டுவிட்டு, அந்த மனுசன் கையொப்பம் வைக்காமல் விட்டிருக்கலாம் என்றார். அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போகிறேன். எரிவு எந்த நேரம் வருகிறது, குளிசை போட்டபின் எவ்வளவு நேரம் தலை சுற்றுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். நரம்பு நோவுக்கான குளிசைகளைத் தாங்களாக நிறுத்தக்கூடாது, ஆனால் அளவையும் நேரத்தையும் வைத்தியரிடம் பேசி மாற்றலாம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், ஒரு கொப்பி தொடங்குங்கள். மருந்து எங்கே பட்டது, எங்கே தவறியது என்று எண்ணி எழுதும் பழக்கத்தை ஏர்லிக்கிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.