நெல்லூர் கலெக்டரைத் தேடிச் சென்ற இளைஞர்

திருப்பதியிலிருந்து கூடூர் வழியாக நெல்லூருக்கு ரயிலில் போய்வரும் நம்மவர்கள் அநேகர். 1910-ம் ஆண்டு டிசம்பரில், அந்த நெல்லூருக்குக் கும்பகோணத்து இளைஞர் ஒருவர் பிழைப்புக்கு வழிதேடிப் போனார். கையில் பட்டம் இல்லை. கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம்தான் இருந்தது. அவரே கணித மேதை சீனிவாச ராமானுஜம்.

1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தவர். தந்தை ஜவுளிக்கடைக் குமாஸ்தா. கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் ராமானுஜம் பரிசு வாங்கிய மாணவர். பதினாறு வயது வாக்கில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று கிடைத்தது. ஆயிரக்கணக்கில் சூத்திரங்கள், விளக்கம் சொற்பம். ஒவ்வொன்றையும் தாமே போட்டுப் பார்த்தார். மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை.

1904-ல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலத்தில் தவறவே, அந்தச் சம்பளம் நின்றது. 1905-ல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் பையனின் அருமையை உணர்ந்து, உடன் அமர்ந்து கணக்குப் போட்டார். ஆனால் எஃப்.ஏ. பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்பது விதி. உடலியல் அவருக்கு ஏறவேயில்லை. 1906-லும் 1907-லும் தோல்வி. கணக்கில் மலைபோல் நின்ற பையனை மற்றப் பாடம் தோற்கடித்தது. குறை பையனிடம் மட்டுமா?

நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கணிதம் அறிந்தவர். முதலில் அவருக்கும் சந்தேகம்தான். நோட்டைப் பார்க்கப் பார்க்க வியப்பு வந்தது. இவரைத் தாலுகா ஆபீசில் முடக்க மனம் இல்லாமல், சென்னைக்கே அனுப்பி, மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்து வந்தார். பிறர் பணத்தில் நெடுநாள் இருக்க ராமானுஜம் விரும்பவில்லை. 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா ஆனார். அங்கே மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதப் பிரியர். அது ஓர் அதிர்ஷ்டம்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி பாராட்டியதும் சென்னைப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது. பட்டம் இல்லாதவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. 1914-ல் கப்பல் ஏறினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் அளித்தது; 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். உடல் நலிந்து 1919-ல் நாடு திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் காலமானார். வயது முப்பத்திரண்டு.