தாய்க்கு விளங்கும் மொழியில் வைத்தியம்: சாமுவேல் கிறீனின் கதை

காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடும் தாய்க்கு அங்கே முதலில் கிடைப்பது மருந்து அல்ல, கேள்விகள். காய்ச்சல் எப்போது தொடங்கியது? எத்தனை தடவை வயிற்றால் போனது? கடைசியாக எப்போது சிறுநீர் போனது? பால் குடிக்கிறதா? வலிப்பு வந்ததா? பாதி வைத்தியம் இந்தப் பதில்களில்தான் இருக்கிறது. பேச்சு வராத குழந்தைக்காகத் தாய்தான் பேச வேண்டும். அவள் பேசும் மொழி எதிரே இருப்பவருக்குப் புரியாவிட்டால் அந்தக் குழந்தை ஊமையாகவே வைத்தியரின் முன் கிடக்கிறது.

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் ரயில் நிற்கும் சிறிய இடம் றொசல்ல. சுற்றிலும் தேயிலை மலை. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைக்கு வருத்தம் என்றால், சிங்களம் தெரிந்த ஒருவரையும் துணைக்குத் தேடிக்கொண்டு புறப்படுவது பல குடும்பங்களுக்குப் பழகிப்போன காரியம். மலையக வைத்தியசாலைகளில் தமிழ் தெரிந்த வைத்தியரும் தாதியரும் போதாமல் இருப்பது நீண்டகாலக் குறை. 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டிருந்தவர்களுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. தெற்கிலிருந்து வந்த வைத்தியருக்கும் தாய்க்கும் நடுவில் யாராவது ஒருவர் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலை ஏறத்தாழ 160 வருடங்களுக்கு முன்பே உணர்ந்து, அதற்கு ஒரு விடையையும் கண்டவர் மானிப்பாயில் வாழ்ந்தார். அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

வூஸ்டரிலிருந்து மானிப்பாய்க்கு

கிறீன் 1822 ஒக்டோபர் 10 ஆம் திகதி அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். 1845 இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவருடைய அண்ணன் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க்கின் வரலாற்றில் பெரிய பெயர். சென்ட்ரல் பார்க் பூங்கா உருவானதிலும், பிரிந்து கிடந்த நகர்ப்பகுதிகள் இணைந்து இன்றைய நியூயோர்க் ஆனதிலும் அவருக்கு முக்கிய பங்கு உண்டு. அண்ணன் உலகத்தின் பெரிய நகரங்களில் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்க, தம்பி 1847 இல் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறினார்.

அமெரிக்க மிஷன் 1816 இலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டது. பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடரும் வட்டுக்கோட்டையில் நேதன் வார்டும் மருத்துவம் பார்த்திருந்தார்கள். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848 இல் மானிப்பாயில் நிலைகொண்டார். நோயாளிகளைப் பார்ப்பதோடு மாணவர்களுக்கு மருத்துவம் கற்பிக்கவும் அதே ஆண்டில் தொடங்கினார். யாழ்ப்பாண நகரில் அரசாங்க அதிபர் டைக் 1850 இல் உருவாக்கிய வைத்தியசாலையிலும் அவருடைய பணி இருந்தது. அந்த வைத்தியசாலையே வளர்ந்து இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை ஆனது.

அவர் மதம் பரப்ப வந்த மிஷனரி. இதை மறைத்து எழுதத் தேவையில்லை. அதே 1822 இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் இந்த மிஷனரிமாரை எதிர்த்தே தன் வாழ்நாளைச் செலவிட்டார். நாட்டு வைத்தியர்களின் முறைகளில் பலவற்றைக் கிறீன் ஏற்கவும் இல்லை. ஆனாலும் ஓர் இடத்தில் இந்த இருவரும் ஒரே பாதையில் நடந்தார்கள். சாதாரண மனிதருக்கு விளங்கும் தமிழ் உரைநடையில் அறிவை அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று இருவருமே நம்பினார்கள்.

பிள்ளைகளைக் கொண்டுபோன நோய்கள்

அந்தக் காலத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோன நோய்கள் பல. வாந்திபேதி அலையலையாக வந்தது. 1802 முதலே இலங்கையில் அம்மைப்பால் வைக்கப்பட்டபோதிலும் பெரியம்மை முற்றாக அடங்கவில்லை. சீதபேதி, குடற்பூச்சி, சிரங்கு, குளிர்காய்ச்சல் என்பன எல்லா வீடுகளிலும் இருந்தன. வன்னியில் பறங்கி நோய் ஊர்களையே அழித்தது. பெரும்பாலும் சிறுவர்களையே பற்றும் அந்த நோய் தோலையும் எலும்பையும் தின்னும். வன்னியின் நிலை பற்றி வைத்தியர் லூஸ் கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான் 1870 இல் கொழும்பில் மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது. அங்கே பாடம் ஆங்கிலத்தில் நடந்தது.

அதே ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கிய மக்கள், காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். கைக்குழந்தைகளோடு வந்த தாய்மாரும் அவர்களில் இருந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் அந்த வழி நெடுகப் பலியெடுத்தன. தேயிலை வந்ததும், 1885 இல் ரயில் பாதை நானுஓயாவைத் தொட்டதும் பிறகுதான். இன்று றொசல்லையில் வாழ்பவர்களில் பலருடைய முன்னோர் அந்தப் பாதையில் பிழைத்து வந்தவர்கள்.

இந்த நோய்களின் முன் அன்றைய மருத்துவத்தின் கை சிறியது. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பது இன்னும் நிலைபெறவில்லை. வாந்திபேதிக் கிருமியை ரொபர்ட் கொக் உறுதிப்படுத்தியது 1884 இல். அதே ஆண்டில் கிறீன் இறந்துபோனார். தாதியர் பயிற்சியும் புதிது. லண்டனில் நைட்டிங்கேலின் தாதியர் பாடசாலை 1860 இல்தான் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலும் தோட்டத்திலும் நோயுற்ற பிள்ளைக்குத் தாயும் பாட்டியும்தான் தாதி. வைத்தியர் வந்து போவார். இரவு முழுக்க விழித்திருந்து நீர் பருக்குவதும், உடம்பு துடைப்பதும், மூச்சைக் கவனிப்பதும் அந்தப் பெண்கள்தான். ஆகவே வைத்தியர் சொல்வது அவர்களுக்குப் புரிவதும் புரியாமல் போவதும் பிள்ளை பிழைப்பதையும் பிழைக்காமல் போவதையும் தீர்மானித்தது.

ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு

தொடக்கத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். படித்து முடித்த மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அவர் கவனித்தார். ஆங்கிலம் கற்றவர் நல்ல சம்பளத்தைத் தேடி நகரத்துக்குப் போனார். உடை மாறியது, பேச்சு மாறியது, கிராமத்துக்கும் அவருக்கும் இடையில் தூரம் விழுந்தது. தாங்கள் தமிழர்களாகவே இருந்து தமிழர்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று கிறீன் மாணவர்களிடம் எதிர்பார்த்தார். அவர்கள் வேட்டியை விட்டு மேல்நாட்டு உடைக்கு மாறுவதுகூட அவருக்குப் பிடிக்கவில்லை.

இடையில் விடுமுறையில் தாய்நாடு சென்று, திருமணம் முடித்து, 1862 இல் திரும்பிவந்தார். 1864 முதல் மருத்துவ வகுப்பைத் தமிழில் நடத்தத் தொடங்கினார். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், அறுவை, மகப்பேறு, மருந்தியல் ஆகிய எல்லாவற்றையும் தமிழில் கற்பித்தார். அவரிடம் பயின்றவர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள்.

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல்கள் வேண்டும். மகப்பேறு பற்றிய ‘பிரசவ வைத்தியம்’ 1857 இலேயே வெளிவந்தது. 1867 இல் ‘இரண வைத்தியம்’, 1872 இல் ‘வைத்தியாகரம்’, 1875 இல் ‘கெமிஸ்தம்’ என நூல்கள் தொடர்ந்தன. மாணவர்களும் மொழிபெயர்ப்பில் தோள் கொடுத்தார்கள். சொற்களைத் தெரிவதில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. மக்களிடம் புழங்கும் தமிழ்ச் சொல் இருந்தால் அதை எடுப்பது, இல்லாவிட்டால் வடமொழிச் சொல்லைப் பயன்படுத்துவது, அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் தருவது. இன்றைய காதுக்கு அந்த நடை கடினமாக இருக்கலாம். ஆனால் ஒரு முழு மருத்துவப் படிப்பையும் தமிழில் நடத்திக் காட்டியவர் அவர்.

உடல்நலம் குன்றி 1873 இல் அமெரிக்கா திரும்பினார். அங்கேயும் தமிழை விடவில்லை. உடற்றொழிலியல் பற்றிய ‘மனுஷ சுகரணம்’ 1883 இல் அச்சானது. அடுத்த வருடம் மே 28 ஆம் திகதி வூஸ்டரில் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற அடையாளமே தன் கல்லறையில் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. 1898 இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. ஆனால் தமிழ்வழி மருத்துவக் கல்வி கிறீனுக்குப் பின் நிலைக்கவில்லை.

முகாமில் கிடைத்த சாட்சி

தாய்க்கு விளங்கும்படி சொன்னால் பிள்ளை பிழைக்கும் என்பதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து ஓர் அகதி முகாமில் சாட்சி கிடைத்தது. 1971 இல் வங்காளதேசப் போரில் தப்பி வந்தவர்களிடையே, மேற்கு வங்காளத்தின் பொங்காவ்ன் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் சேலைன் முடிந்துகொண்டிருந்தது. வைத்தியர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், அப்பச்சோடா ஆகியவற்றை நீரில் கலந்து, நோயாளிகளின் உறவினரிடமே கொடுத்துப் பருக்கச் சொன்னார். சுமார் 30 வீதமாக இருந்த மரணம் 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. அங்கே தாதியாக நின்றவர்கள் பெரும்பாலும் தாய்மாரும் உறவினரும். அவர்களுக்கு வேண்டியிருந்தது அவர்களுடைய மொழியில் நாலு வார்த்தை.

2009 இல் மெனிக் பாம் முகாமிலும் வயிற்றோட்டம், பொக்கிளிப்பான், செங்கமாரி ஆகியவை பரவின. கூடாரத்துக்குள் பிள்ளையைக் காத்தவர்கள் அங்கேயும் தாய்மார்தான்.

வீட்டுத் தாதிக்குச் சில வரிகள்

கிறீன் விரும்பியதைப்போலவே சில விடயங்களை நேராகத் தமிழில் சொல்லலாம்.

வயிற்றோட்டத்தில் நீரை நிறுத்தக்கூடாது. நீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நிறுத்துவதுதான் ஆபத்து. ஒரு ஜீவனிப் பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதாகக் கரைக்க வேண்டும். ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர் கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். கரைத்தது 24 மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம்.

மலையின் குளிரிலும் அடுப்புப் புகை நிறையும் லயத்துக் காம்பராவிலும் பிள்ளைகளுக்குச் சளியும் முட்டும் அடிக்கடி வரும். இருமலைவிட மூச்சைக் கவனிக்க வேண்டும். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்பன எல்லை. எண்ணிக்கை அந்த அளவைத் தொட்டாலும், மூச்சு எடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுத்தாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

கண் குழிவது, அழுதும் கண்ணீர் வராதது, பல மணித்தியாலம் சிறுநீர் போகாதது, குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, வலிப்பு, மலத்தில் இரத்தம் ஆகியவையும் விடியும்வரை காத்திருக்கக்கூடாத அறிகுறிகள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே வைத்தியசாலைதான். காய்ச்சலுக்குப் பரசிற்றமோலை நிறையின்படி மட்டும் கொடுக்க வேண்டும். அஸ்பிரின் கூடாது.

போகும்போது, வருத்தம் தொடங்கிய நேரம், வயிற்றால் போன தடவைகள், கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி, பிள்ளையின் சுகாதாரக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மொழி தடையாகும் இடத்தில் அந்த எண்களாவது பேசும்.

கேட்டு வாங்க வேண்டியது

தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. மலையகத்துக்குப் புதிய கட்டடங்களும் வந்திருக்கின்றன. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலைக் கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. கட்டடமும் கட்டிலும் தேவைதான். அந்தக் கட்டிலின் பக்கத்தில் நிற்கும் தாய், தன் பிள்ளைக்கு என்ன வருத்தம், எத்தனை மணிக்கு எந்த மருந்து, எதைக் கண்டால் திரும்ப வர வேண்டும் என்பதைத் தன் மொழியில் கேட்டறிய முடிகிறதா என்பதும் அதே அளவு முக்கியம். தமிழ் தெரிந்த ஆளணியைத் தோட்டப்புற வைத்தியசாலைகளுக்கு நியமிப்பதையும், அங்கே பணிபுரிவோருக்குத் தமிழ் கற்பிப்பதையும் சலுகையாக நினைக்க வேண்டியதில்லை. அவையும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான்.

கடல் கடந்து வந்த ஓர் அமெரிக்கர் தன் மாணவருக்கு நம் மொழியில் மருத்துவம் கற்பிக்க இருபது வருடங்களுக்கு மேல் உழைத்தார். நோயுற்ற பிள்ளையோடு வரும் தாயிடம் தமிழில் நாலு கேள்வி கேட்கும்படி நம்முடைய அரசிடம் கோருவது அதைவிடச் சிறிய காரியம்.