நாக்கை நம்பாத விஞ்ஞானி

எலவனாசூர்கோட்டைக் கடைத்தெருவில் பொழுது விடியும் முன்பே டீக்கடைகள் திறந்துவிடும். பால் பாக்கெட்டுகளை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுவார்கள்.

அந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'பாஸ்டரைஸ்' செய்த பால் என்று அச்சிட்டு இருப்பார்கள்.

பாஸ்டர் என்பது ஒரு மனிதரின் பெயர். வெறிநாய்க் கடிக்குத் தடுப்பு மருந்து கண்டாரே, அதே லூயி பாஸ்டர்தான். குன்னூரில் 1907-ம் ஆண்டு தொடங்கிய பாஸ்டர் நிலையத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

ஆனால், அவர் முதலில் சூடுபடுத்திப் பார்த்தது பாலை அல்ல, திராட்சை மதுவை! ஒயின் என்கிறார்களே, அதைத்தான்.

மது என்றதும் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் முகம் சுளிப்பார்கள். 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்ததே, அதை யார் மறப்பார்? இது அந்தக் கதை அல்ல. குடிக்கச் சொல்லும் கதையும் அல்ல. ஒரு ஊர்க்காரர்களின் பிழைப்பைக் காப்பாற்றப் போன விஞ்ஞானி, மனிதனின் நாக்கையே சோதனை போட்டுப் பார்த்த கதை.

தோல் பதனிடுபவர் மகன்

பிரான்சு நாட்டின் கிழக்குப் பக்கத்தில் ஜூரா மலைப்பகுதி இருக்கிறது. அங்கே டோல் என்ற ஊரில் 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பாஸ்டர் பிறந்தார். தகப்பனார் நெப்போலியனின் படையில் சார்ஜெண்டாக இருந்து, வீரப்பதக்கம் வாங்கியவர். படையை விட்டு வந்ததும் தோல் பதனிடும் தொழில் செய்தார்.

பாஸ்டர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் ஆர்புவா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஊரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டம். வீட்டை ஒட்டி ஆறு. கொல்லையில் தோல் தொட்டிகள்.

நம் நாட்டில் ஆவாரம்பட்டையைப் போட்டுத் தோல் பதனிட்டார்கள் அல்லவா? அங்கே ஓக் மரப்பட்டை. இரண்டிலும் வேலை செய்வது ஒரே துவர்ப்புச் சத்துதான். அதே துவர்ப்பு திராட்சைத் தோலிலும் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

15 வயதில் படிப்பதற்காக அவரைப் பாரிசுக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோல் தொட்டியின் வாடையை ஒரு தடவை முகர்ந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பனிடம் ஏங்கினாராம். தகப்பனாரே போய் மகனைத் திருப்பி அழைத்து வந்தார். அப்படிப்பட்ட ஊர்ப் பாசம்!

பிறகு மறுபடியும் பாரிசு சென்று ரசாயனம் படித்தார். அவர் ஆராய எடுத்துக்கொண்ட பொருளும் ஒயினில் இருந்து வந்ததுதான். ஒயின் பீப்பாயின் உள்புறத்தில் உப்புப் பொருக்கு போல ஒன்று படியும். அதில் இருந்து எடுப்பது டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியின் புளிப்பும் அதுவே. அதன் படிகங்களை ஆராய்ந்து 1848-ம் ஆண்டு பெரிய உண்மை ஒன்றைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 25.

1854-ம் ஆண்டு லில் நகரத்தில் பேராசிரியர் ஆனார். கள்ளக்குறிச்சியில் கரும்பு போல அந்தப் பக்கத்தில் பீட் கிழங்கு விளைகிறது. அதன் சாற்றைப் புளிக்க வைத்து ஆல்கஹால் எடுக்கும் ஆலைக்காரர் ஒருவர், சாறு கெட்டுப் போகிறது என்று அவரிடம் வந்து முறையிட்டார். பாஸ்டர் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போனார். சாற்றை மதுவாக மாற்றுவது ஈஸ்ட் என்ற உயிர். அதைக் கெடுப்பது வேறு வகை உயிர் என்று கண்டு சொன்னார்.

கரும்புச்சாறு மாலைக்குள் புளித்துவிடுவது ஏன்? சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர் மட்டும் இனிப்பாக இருப்பது ஏன்? கிருமிக்குச் சுண்ணாம்பு ஆகாது. காரணத்தைப் பாஸ்டர் சொன்னார். கைவைத்தியம் நம் மரமேறிகளுக்கு முன்பே தெரியும்!

மன்னர் அனுப்பிய ஓலை

பிரான்சு தேசத்தில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு ஒயின்தான் பிழைப்பு. 1860-ம் ஆண்டு இங்கிலாந்துடன் வர்த்தக ஒப்பந்தம் ஏற்பட்டது. கப்பல் கப்பலாக ஒயின் போயிற்று.

ஆனால், போன இடத்தில் பீப்பாயைத் திறந்தால் ஒன்று புளித்த காடியாக இருக்கும், அல்லது கசக்கும், அல்லது எண்ணெய் போலக் கொழகொழ என்று ஒழுகும். வியாபாரிகள் கையைப் பிசைந்தார்கள்.

1863-ம் ஆண்டு மன்னர் 3-ம் நெப்போலியன் பாஸ்டருக்கு ஆள் மூலம் கடிதம் அனுப்பினார். ஒயினுக்கு வந்த நோயைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

பாஸ்டர் வேறு எங்கும் போகவில்லை. தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆர்புவாவுக்கே வந்தார். ஒரு பழைய காபிக்கடைக் கூடம் ஆராய்ச்சிசாலை ஆயிற்று. உள்ளூர் தச்சரும் தகரக் கொல்லரும் கருவிகளைச் செய்து கொடுத்தார்கள்.

ரசத்தில் குறை மறையாது

ஆர்புவா ஒயின் எப்படிப்பட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

சிவப்பு ஒயின் எல்லாம் ஒன்று அல்ல. திராட்சைத் தோலில் இருந்து நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. தோல் தடிப்பாக இருந்தால் ஒயின் கருஞ்சிவப்பாக இருக்கும். நாவல்பழம் தின்றதுபோல நாக்கைப் பிடிக்கும். தோல் மெலிதாக இருந்தால் ஒயினும் மெலிது.

ஆர்புவாவில் புல்சார் என்று ஒரு திராட்சை விளைகிறது. அதன் தோல் மிகவும் மெல்லியது. அதில் இருந்து வரும் ஒயின் மாதுளம்பழச் சாறு போல வெளிறிய சிவப்பு. கண்ணாடிக் கிளாசில் ஊற்றினால் அந்தப் பக்கம் பிடித்த விரல் தெரியும். அதற்குப் பக்கத்து வட்டாரமான பர்கண்டியின் புகழ்பெற்ற சிவப்பு ஒயினும் இந்த மெல்லிய இனத்தைச் சேர்ந்ததுதான்.

இதைச் சுவைத்துப் பார்ப்பது ஒரு தனிக் கலை. கிளாசை வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்து நிறம் பார்ப்பார்கள். லேசாகச் சுழற்றி முகர்வார்கள். ஒரு வாய் எடுத்து, கொஞ்சம் காற்றையும் உறிஞ்சி, நாக்கு முழுவதும் உருட்டுவார்கள். புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு, வாசனை எத்தனை நேரம் நிற்கிறது என்று கவனிப்பார்கள். பிறகு தொட்டியில் துப்பிவிடுவார்கள்! தொழிலாகச் சுவைப்பவர் விழுங்குவது இல்லை. விழுங்கினால் பத்தாவது கிளாசில் கணக்குத் தப்பிவிடும்.

மெல்லிய ஒயினை நிலவறையின் குளிர்ச்சி மாறாமல் கொண்டு வந்து ஊற்ற வேண்டும். சூடு ஏறினால் ஆல்கஹால் வாடை கிளம்பி, பழ வாசனையை அமுக்கிவிடும்.

காரக் குழம்பில் ஒரு சின்னக் குறை இருந்தால் தெரியாது. ரசத்தில் அப்படி மறைக்க முடியுமா? மெல்லிய ஒயினும் ரசம் போலத்தான். துவர்ப்பு என்பது ஒயினுக்குக் காவல்காரன். காவல் குறைந்த இடத்தில் கிருமி எளிதாகப் புகும். புகுந்ததும் நாக்குக்கும் உடனே தெரிந்துவிடும். பர்கண்டியின் உயர்ந்த ஒயின்களுக்குத்தான் கசப்பு நோய் அதிகமாக வந்தது.

ஒரு சொட்டில் தெரிந்த நோய்

பாஸ்டர் ஒவ்வொரு நோயாகப் பிடித்தார். கெட்ட ஒயினில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்பார். கொழகொழ ஒயினில் மணி கோத்த மாலை போலக் கிருமிகள். கசப்பு ஒயினில் வளைந்த நூல் துண்டுகள் போல. காடியான ஒயினில் வேறு வகை.

வாயில் வைக்காமலே, இந்த ஒயின் கசக்கும், இது புளிக்கும் என்று அவரால் சொல்ல முடிந்தது.

இன்னொரு சோதனையும் செய்தார். புது ஒயினைச் சில கண்ணாடிக் குழாய்களில் முழுக்க நிரப்பி மூடினார். சிலவற்றில் பாதி மட்டும் நிரப்பி மூடினார். முழுக்க நிரப்பியது அப்படியே இருந்தது. பாதி நிரப்பியதில் வண்டல் இறங்கி, நிறம் மாறி, பழைய ஒயினின் சுவை வந்தது. காற்றில் உள்ள ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதால்தான் ஒயின் பக்குவம் அடைகிறது என்று தெரிந்தது.

சரி, நோய்க்கு மருந்து? மருந்துகளைக் கலந்து பார்த்தார். பயன் இல்லை. கடைசியில் சூட்டுக்கு வந்தார். ஒயினைப் பாட்டிலில் அடைத்து, காற்றுப் புகாமல், 50 முதல் 60 டிகிரி வரை சிறிது நேரம் சூடாக்கினால் போதும். கிருமி செத்துவிடும். ஒயினைக் கொதிக்க வைக்க வேண்டியது இல்லை. 1865-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டார். கோடி கோடியாகச் சம்பாதித்து இருக்கலாம்.

அந்த ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டு. ஜூன் மாதம் தகப்பனார் இறந்தார். பாஸ்டர் அப்போது தெற்கே பட்டுப்புழு நோயை ஆராயச் சென்றிருந்தார். அவர் ஆர்புவா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. செப்டம்பரில் 2 வயதுக் குழந்தை கமீல் இறந்தாள். மூத்த மகள் ழான் 1859-ம் ஆண்டிலேயே, 9 வயதில், டைபாய்டு காய்ச்சலுக்குப் பலியாகி இருந்தாள். 1866-ல் 12 வயது செசிலையும் அதே காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஒயினுக்கு வந்த கிருமியைக் கொன்றவரால் பெற்ற பெண்களுக்கு வந்த கிருமியைக் கொல்ல முடியவில்லை.

நாக்குக்கு ஒரு பரீட்சை

முறை கண்டாகிவிட்டது. ஆனால், ஒயின்காரர்கள் ஒப்பவில்லை. சூடு காட்டினால் வாசனை போய்விடும், வெந்த சுவை வந்துவிடும் என்றார்கள். அவர்கள் பயந்ததிலும் நியாயம் இருந்தது. மெல்லிய ஒயினில் அந்த நுட்பமான வாசனையைத் தவிர விற்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

பாஸ்டர் வாதாடவில்லை. பாரிசு ஒயின் வியாபாரிகள் சார்பில், சுவை பார்ப்பதில் தேர்ந்தவர்களின் குழு ஒன்று வந்தது. ஒரே ஒயினில் சூடாக்கியது ஒரு கிளாஸ், சூடாக்காதது ஒரு கிளாஸ் என்று வைத்தார். எது எது என்று அவர்களுக்குத் தெரியாது.

முடிவு என்ன? வித்தியாசம் இருந்தாலும் அது மிக மிக நுட்பமானது. சாதாரணமாகக் குடிப்பவருக்குத் தெரியாது என்று குழு ஒப்புக்கொண்டது.

ஆனாலும், பாஸ்டருக்கு ஒரு சந்தேகம். கற்பனையும் சேர்ந்து பேசுகிறதோ என்று நினைத்தார். யாருக்கும் சொல்லாமல், ஒரே ஒயினை இரண்டு கிளாசிலும் ஊற்றி வைத்தார். அவர்கள் முன்போலவே சுவைத்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தார்கள்!

ஊரே மதிக்கும் நாக்குகள் அவை. வித்தியாசம் இருக்கும் என்று மனசு எதிர்பார்த்தது. நாக்கு அதற்கு ஒத்து ஊதியது. இன்று ஒயினானாலும் காபித்தூளானாலும் பெயரை மறைத்துவிட்டுத்தான் நிபுணர்கள் சுவைத்துப் பார்க்கிறார்கள்.

1865-ம் ஆண்டு இறுதியில் மன்னர் அவரைத் தம் அரண்மனைக்கு விருந்தாளியாக அழைத்தார். பாஸ்டரோ அரண்மனை நிலவறையில் இறங்கிக் கெட்டுப்போன ஒயின் தேடினார். அந்தக் கிருமிகளை மன்னருக்கும் அரசிக்கும் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். விருந்துக்குப் போன இடத்தில் இப்படியும் ஒருவர்!

1866-ம் ஆண்டு ஒயினைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1867-ம் ஆண்டு பாரிசு உலகக் கண்காட்சியில் அவருக்குப் பெரும் பரிசு கிடைத்தது. கடற்படையும் சோதித்தது. 500 லிட்டர் ஒயினில் பாதியைச் சூடாக்கி, பாதியை அப்படியே விட்டு, 'ழான் பார்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். 10 மாதம் கழித்துத் திறந்தால், சூடாக்கியது தெளிவாக இருந்தது. மற்றது புளிக்கத் தொடங்கி இருந்தது.

ஒயினே பானங்களில் சுகாதாரமானது என்று பாஸ்டர் எழுதியது உண்டு. ஊர்த் தண்ணீர் எல்லாம் காலராவும் டைபாய்டுமாக இருந்த காலம் அது. இன்றைய மருத்துவர்கள் அதை ஒப்புவது இல்லை.

பிறகு

1868 அக்டோபரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் சரியாக விளங்காமல் போயின. அந்த உடம்போடுதான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வரும் அடைப்பான் நோய்க்கு 1881-ல் தடுப்பு ஊசி போட்டுக் காட்டினார். 1885 ஜூலையில், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டரைக் காப்பாற்றினார். 1895-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி காலமானார்.

பாலைச் சூடாக்கிக் காக்கலாம் என்று 1886-ம் ஆண்டு சொன்னவர் சாக்ஸ்லெட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி. பெயர் மட்டும் பாஸ்டருக்கே நிலைத்தது. இன்று நல்ல ஒயினை யாரும் பெரும்பாலும் சூடாக்குவது இல்லை. சுத்தம், வடிகட்டுதல், கந்தகம் ஆகியவற்றைக் கொண்டே காத்துவிடுகிறார்கள்.

ஆனால், ஆர்புவாவை அவர் விடவில்லை. ஊருக்கு வெளியே ரோசியர் என்ற இடத்தில் 1874-ம் ஆண்டு திராட்சைத் தோட்டம் ஒன்று வாங்கினார். 1878-ல் அங்கே கொடிகளின் மேல் கண்ணாடி வீடு கட்டி, குலைகளைப் பஞ்சால் சுற்றி மூடினார். பழுத்ததும் பிழிந்து வைத்தார். சாறு புளிக்கவே இல்லை. ஈஸ்ட் வெளியில் இருந்து வந்து பழத்தோலில் உட்கார்ந்தால்தான் ஒயின் என்று அதில் நிரூபித்தார்.

அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆர்புவாவில் திராட்சைத் திருவிழா. குலைகளைச் சேர்த்துக் கட்டி, ஆள் உயரத்துக்கு ஒரே பெரிய குலையாக்கி, நான்கு பேர் தோளில் சுமந்து மாதா கோவிலுக்கு ஊர்வலமாகக் கொண்டு போவார்கள். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தால் பாஸ்டரும் கோட்டு மாட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அந்த ஊர்வலத்தில் நடந்து போவார்.