ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ்

ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் சென்னையில் வாழ்ந்த விடுதி உரிமையாளரும் இந்திய வானூர்தி முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். கோர்சிகத் தீவைச் சேர்ந்த இவர், 1910 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தாம் வடிவமைத்த வானூர்தியைச் சென்னையில் பறக்கவிட்டார். இந்தியாவின் முதல் வானூர்திப் பறப்பு இதுவே எனக் கருதுவோர் உளர்.

விடுதித் தொழில்

சென்னையில் உணவுத் தொழிலில் ஈடுபட்ட இவர், மவுண்ட் சாலையில் (இன்றைய அண்ணா சாலை) தம் பெயரிலேயே விடுதி ஒன்றை நடத்தினார். ஐரோப்பியர் பெரிதும் நாடிய இவ்விடுதி, பின்னாளில் பொசோட்டோ என்னும் பெயரில் இயங்கியது.

வானூர்தி உருவாக்கம்

பிரான்சைச் சேர்ந்த லூயி பிளேரியோ 1909 சூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயை வானூர்தியில் கடந்தார். இச்செய்தியே டி ஏஞ்சலிசைத் தூண்டியது. பிளேரியோவின் வானூர்தி ஒற்றை அடுக்கு இறக்கை கொண்டது. டி ஏஞ்சலிஸ் அமைத்ததோ ஈரடுக்கு இறக்கை வானூர்தி.

இதைக் கட்டும் பணியைச் சென்னையின் சிம்சன் நிறுவனம் மேற்கொண்டது. 1840 இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் குதிரை வண்டிகள் செய்வதில் பெயர் பெற்றது. அக்கால வானூர்திகள் பெரும்பாலும் மரச்சட்டம், துணி, இழுவைக் கம்பி ஆகியவற்றால் ஆனவை. எடை குறைந்த, உறுதியான மரச்சட்டம் இணைக்கும் திறன் வண்டித் தச்சர்களிடம் இருந்தது. எனவே வானூர்தித் தொழிற்சாலை எதுவும் இல்லாத நகரில் வண்டிப் பட்டறையே அதற்கு ஏற்ற இடமாயிற்று. வானூர்தியில் குறைந்த குதிரைத்திறன் கொண்ட உந்துபொறி பொருத்தப்பட்டது.

பறப்பு

வானூர்தி பல்லாவரத்தில் சோதிக்கப்பட்டது. பின்னர் பொதுமக்கள் முன்னிலையிலும் பறக்கவிடப்பட்டது. இன்றைய சென்னை விமான நிலையம் பல்லாவரத்தை அடுத்தே அமைந்துள்ளது.

வரலாற்றில் இடம்

இந்திய வான்பயண வரலாறு பெரும்பாலும் அலகாபாத்திலிருந்தே தொடங்கிச் சொல்லப்படுகிறது. அங்கு 1911 பெப்ரவரி 18 அன்று ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு வானோடி ஏறத்தாழ 6,500 கடிதங்களை நைனிக்கு எடுத்துச் சென்றார். அதற்கு முன்பே, 1910 டிசம்பரில், கல்கத்தாவிலும் ஐரோப்பிய வானோடி ஒருவர் பறந்து காட்டியிருந்தார். டி ஏஞ்சலிசின் பறப்பு இவ்விரண்டிற்கும் முந்தியது.

சப்பானில் 1910 டிசம்பரில் நிகழ்ந்த முதல் பறப்புகளுக்கு ஐரோப்பாவில் வாங்கிய வானூர்திகளே பயன்பட்டன. டி ஏஞ்சலிசின் வானூர்தி சென்னையிலேயே கட்டப்பட்டது. எது முதல் பறப்பு என்பதில் கருத்து வேறுபாடு இருப்பினும், வானூர்தியை உள்ளூர்ப் பட்டறையில் கட்டிப் பறக்கவிட்டதே இவருடைய தனிச்சிறப்பாகும்.