மூன்று அணாக் கணக்கு

1910 இல் அக்பர்பூரில் பிறந்து, உப்பு வரி குறித்து பெர்லினில் ஆய்வு செய்தவரான ராம் மனோகர் லோகியா, 1963 இடைத்தேர்தலில்தான் இந்திய மக்களவைக்குள் நுழைந்தார். அவ்வாண்டிலேயே, 27 கோடி மக்கள் நாளொன்றுக்கு மூன்று அணாவில் சீவிக்கின்றனர் எனக் கூறி அரசைத் திணறடித்தார். ரூபாவுக்குப் பதினாறு அணா. பிரதமர் நேருவோ பதினைந்து அணா என மறுத்தார். அது தேசிய வருமானத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் காட்டும் சராசரி. செல்வந்தரின் வருவாயும் ஏழையின் கணக்கில் ஏறிவிடுகிறது என்பதே லோகியாவின் வாதம். பின்னர் அரச தரப்பிலிருந்தே ஏழரை அணா என்றும் கூறப்பட்டது. மூன்று அணா துல்லியமான எண்தானா என்பது வேறு விடயம். அடித்தட்டு மக்களின் வருவாயைத் தனியே கணக்கிட்டுச் சொல்லவேண்டிய நிலைக்கு ஆட்சியாளர் தள்ளப்பட்டனர். 1967 ஒக்டோபர் 12 இல், 57 ஆவது வயதில், லோகியா புதுடில்லி மருத்துவமனையில் காலமானார்.